கட்டத் துணி

தந்தையார் மறைந்தபின் வந்த முதல் கிறிஸ்துமஸ் அது. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயத்தில் திருப்பலி கண்டு ஜுருவுக்குத் திரும்பியதும், வீட்டை அலங்கரிப்பது பற்றிப் பேச்செழுந்தது. சிவப்பும் பச்சையும் கலந்த கட்டத் துணி வாங்க வேண்டும் என்றாள் மகள். அது ஸ்காட்லாந்து மலைநாட்டாரின் உடை. 1746ஆம் ஆண்டுச் சட்டம் ஆடவர் அதனை அணியத் தடை விதித்தது. 1782இல்தான் தடை நீங்கியது. அன்று அடக்கப்பட்ட மக்களின் அடையாளம், இன்று உலகெங்கும் பண்டிகைத் தோரணமாகத் தொங்குகிறது.

அம்மா ஒன்றும் பேசவில்லை. பெட்டியைத் திறந்து, தந்தையாரின் கைலி ஒன்றை எடுத்து வந்தார். அதிலும் கட்டங்களே! மலாய் மக்கள் அதனைக் 'காயின் பெலிக்காட்' என்பர். பெலிக்காட் என்பது நம் பழவேற்காடே. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் அங்குக் கோட்டை கட்டி, சோழமண்டலத் துணிகளைத் தென்கிழக்காசியத் தீவுகளுக்குக் கொண்டுவந்து, நறுமணப் பொருள்களுக்கு மாற்றினர். துறைமுகத்தின் பெயர் துணியோடு கடல் கடந்து, மலாய் மொழியில் நிலைத்துவிட்டது.

கத்தரிக்கோலுடன் தயங்கி நின்றேன்.

"வெட்டாதே; விரி" என்றார் அம்மா.

ஆண்டுதோறும் தந்தையார் குடில் அமைத்த மூலையில் அக்கைலியை விரித்தோம். மகள் அதன்மேல் வைக்கோலைப் பரப்பினாள். குழந்தை இயேசுவின் சுரூபத்தை வைத்தபோது அம்மாவின் கை சற்றே நடுங்கியது.

அதன்பின் மகள் கடைத் துணியைக் கேட்கவில்லை. பழவேற்காடு எங்கே இருக்கிறது என்று கேட்டாள். நம் வீட்டுப் பெட்டிகளில் வரலாறு மடிந்து கிடக்கிறது. பிள்ளைகள் கேட்கும்போது அதனை விரித்துக் காட்டுவது நம் கடமையன்றோ!