காதல் கதைகளும் நம் இல்லத்து இளையோரும்

இளம்பெண் ஒருத்தியின் கையில் காதல் நாவலைக் கண்டதும் பெரியோரில் சிலர் அதனைப் பறித்துப் பரண்மேல் வைத்துவிடுகின்றனர். வேறு சிலர், ‘வயதுக்கோளாறு, தானே தெளியும்’ என்று காணாதவர்போல் இருந்துவிடுகின்றனர். இவ்விரு சாராரும் அந்நூலைப் படித்ததில்லை என்பது பெரும்பாலும் உறுதி. படியாத நூலுக்குத் தீர்ப்புரைப்பது முறையன்று என்று கருதிய நாம், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் நம் தங்கை மகள் விடுமுறைக்கு வந்தபோது கொணர்ந்த ஆங்கில நாவல்களை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிப் படித்தோம். “உங்களுக்கு இதெல்லாம் பிடிக்காது, பெரியம்மா” என்று அவள் முன்னரே எச்சரித்தாள். சில பிடித்தன, சில பிடிக்கவில்லை, ஒன்றிரண்டு இரவு நெடுநேரம் நம்மை உறங்கவிடவில்லை. அதன் காரணத்தை அன்பு வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

அமெரிக்க நாட்டில் இவ்வகை நூல்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. மாரீன் டேலி என்பார் கல்லூரிப் பருவத்திலேயே எழுதி 1942இல் வெளியிட்ட ‘செவன்டீன்த் சம்மர்’ என்னும் நாவலை இவற்றின் முன்னோடி எனலாம். விஸ்கான்சின் மாநிலத்து நகரொன்றில், பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்குச் செல்லவிருக்கும் ஆஞ்சி என்னும் பெண் ஒரு கோடைக்காலத்தில் முதன்முறையாகக் காதல்வயப்படுகிறாள். கோடை முடிந்ததும் கல்லூரிக்குப் புறப்படுகிறாள். கதை அவ்வளவே. பதின்பருவத்தினருக்கான நூலகப் பணிக்கென அமெரிக்க நூலகச் சங்கம் 1957இல் தனிப் பிரிவொன்றை அமைத்தது. ஏறத்தாழப் பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையிலானோருக்கு உரிய இந்நூல்களே ‘யங் அடல்ட்’ எனப்படுகின்றன. பின்னர் 2009இல் செயின்ட் மார்ட்டின்ஸ் பிரஸ் என்னும் நியூயார்க் பதிப்பகம், அவ்வயதைச் சற்றே கடந்தோருக்கான கதைகளை வேண்டி அறிவிப்பு விடுத்தபோது ‘நியூ அடல்ட்’ என்ற பெயரை வழங்கியது. கல்லூரி விடுதி, முதல் வேலை, முதல் வாடகை அறை ஆகியன இவற்றின் களம்.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று. முன்னதில் கதை பெரும்பாலும் படுக்கையறைக் கதவுக்கு வெளியே நின்றுவிடும்; பின்னதில் பெரும்பாலும் உள்ளே சென்றுவிடும். ஆயினும் இரண்டின் அட்டைகளும் இளஞ்சிவப்பு, இளநீலம் எனச் சிறுவர் நூல்களைப்போல் வரையப்பெற்று, கடையில் ஒரே மேசைமீது அடுக்கப்பட்டிருப்பதைக் கண்டோம். டிக்டாக் செயலி நம் நாட்டில் 2020இல் தடைசெய்யப்பட்ட பின்னரும், அதன்வழி மேல்நாட்டில் புகழ்பெற்ற நூல்கள் நம் ஊர்க் கடைகளுக்கு வந்து சேரத் தவறவில்லை. ஆகவே, அட்டையைக் கண்டு வயதை அளக்க இயலாது.

எனினும், முத்தம் எத்தனை பக்கங்களில் வருகிறது என்று எண்ணிப் பார்ப்பதால் ஒரு நூலின் தரம் விளங்கிவிடும் என்று நாம் கருதவில்லை. முத்தத்துக்கு மேல் செல்லாத நூலொன்றே நம்மை மிகவும் கலங்கச் செய்தது. அதனைக் கூறுமுன், மகிழ்ந்து படித்த நூலொன்றைக் கூறிவிடுவோம்.

ஜென்னி ஹான் 2014இல் வெளியிட்ட ‘டு ஆல் தி பாய்ஸ் ஐவ் லவ்ட் பிஃபோர்’ என்னும் நாவலில், தாயை இழந்த பதினாறு வயது லாரா ஜீன், தான் மனத்துள் விரும்பிய இளைஞர்களுக்குக் கடிதம் எழுதி, அனுப்பாமல் ஒரு தொப்பிப் பெட்டியில் வைத்திருக்கிறாள். ஒருநாள் அக்கடிதங்கள் உரியவர் கைகளுக்கே போய்ச் சேர்ந்துவிடுகின்றன. அதன்பின் வரும் குழப்பங்களே கதை. ஆயின் நம் நெஞ்சில் நின்றது அக்குழப்பமன்று. மூத்தவள் மேற்படிப்புக்காக ஸ்காட்லாந்து சென்றுவிட, நடுமகளான லாரா ஜீன் தந்தையையும் தங்கையையும் பேணி, சமைத்து, வீட்டைத் தாங்க முயல்கிறாள். காதலன் வந்தபின்னும் அவ்வீட்டின் கதவு மூடப்படவில்லை. அவளுடைய காதல் தங்கையின் குறும்புக்கும் தமக்கையின் கோபத்துக்கும் நடுவிலேயே வளர்கிறது. படிப்போர் அக்குடும்பத்தில் ஒருவராகிவிடுகின்றனர்.

இதற்கு மாறானது ஸ்டெஃபனி மேயர் 2005இல் வெளியிட்ட ‘ட்வைலைட்’. இதன் தொடர் நூல்கள் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்றன. பதினேழு வயது பெல்லாவும், இரத்தம் குடிக்கும் இனத்தைச் சேர்ந்த எட்வர்டும் கொள்ளும் காதலே கதை. எட்வர்ட் கண்ணியமானவன்; திருமணத்துக்கு முன் எல்லை மீறாதவன். அதனாலேயே ‘பாதுகாப்பான நூல்’ என்று கருதிப் பல பெற்றோர் இதனைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தனர். ஆனால் அவன், அவள் அறியாமலேயே இரவில் அவளது அறைக்குள் வந்து, அவள் உறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். 2007இல் வெளிவந்த மூன்றாம் பாகத்தில், அவள் தன் நண்பன் ஜேக்கப்பைக் காணச் செல்லாதவாறு, அவளது பாதுகாப்பை எண்ணி, அவளுடைய வண்டியின் எஞ்சினிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றிவிடுகிறான். இரண்டாம் பாகத்தில் அவன் பிரிந்து சென்றதும், மாதங்களின் பெயரை மட்டும் தாங்கிய வெற்றுப் பக்கங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அவனில்லாத நாள்களில் அவளுக்கு வாழ்வே இல்லை என்பது பொருள். அவனுடைய குரல் காதில் ஒலிக்கவேண்டும் என்பதற்காகவே அவள் தன்னை ஆபத்துக்கு உள்ளாக்கிக்கொள்கிறாள். இவை யாவும் அந்நூல்களில் அன்பின் ஆழம் என்றே எழுதப்பட்டுள்ளன.

இதனைப் படித்தபோது நம் சங்க அகப்பாடல்கள் நினைவுக்கு வந்தன. அங்கும் தலைவன் இரவில் வருகிறான். ஆயின் அவனை எதிர்கொள்ளத் தோழி ஒருத்தி இருக்கிறாள். ‘வழி கொடியது, இரவில் வாராதே’ என்று தடுப்பவளும், ‘ஊர் அறிய மணந்துகொள்’ என்று வற்புறுத்துபவளும் அவளே. தலைவியின் உள்ளத்தை நன்கறிந்த அவள், அவன் சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் புலவர்கள் காதலைத் தோழியின் கண்காணிப்பில் வைத்துப் பாடினர். பெல்லாவுக்கோ அத்தகைய தோழி இல்லை. பள்ளித் தோழியர் கதையின் தொடக்கத்தில் வந்து, மெல்ல மெல்ல மங்கிப்போகின்றனர்.

‘நியூ அடல்ட்’ நூல்களில் இக்குறை இன்னும் பெரிதாகத் தெரிகிறது. ஒன் டைரக்‌ஷன் என்னும் பாடகர் குழுவின் ரசிகையான அன்னா டாட், 2013இல் வாட்பேட் தளத்தில் தொடராக எழுதி, மறு ஆண்டு நூலாக வந்த ‘ஆஃப்டர்’ அவற்றுள் ஒன்று. முதலாண்டு மாணவியான டெஸ்ஸாவை ஹார்டின் என்பவன் நெருங்குவதே நண்பர்களிடையே கட்டிய ஒரு பந்தயத்தால்தான். அவன் ஏசுகிறான், அழவைக்கிறான், பின்னர் வருந்துகிறான், அவள் மன்னிக்கிறாள், மீண்டும் அதுவே நிகழ்கிறது. பொல்லாதவனைப் பொறுமையால் திருத்திவிடலாம் என்ற நம்பிக்கையை அந்நூல் பக்கந்தோறும் ஊட்டுகிறது. மன்னிப்பு உயர்ந்த பண்பு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஒருவன் திருந்துவதற்கு இளம்பெண்ணொருத்தியின் வாழ்வு கருவியாக வேண்டும் என்று எந்த அறமும் கூறவில்லை.

‘கதைதானே, இதற்கு ஏன் இவ்வளவு கவலை?’ என்று சிலர் வினவலாம். நமக்கு அறிமுகமான மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறோம். அவள் விரும்பிய இளைஞன், அவள் எங்கே, யாருடன் இருக்கிறாள் என்பதற்கு மணிக்கொருமுறை புகைப்படம் அனுப்பச் சொன்னான். அவளது கைபேசியின் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொண்டான். “அவருக்கு என்மேல் அவ்வளவு உயிர்” என்று அவள் பெருமையுடன் கூறினாள். சிறுவயது முதல் பயின்றுவந்த பாட்டு வகுப்பை, அவனுக்குப் பிடிக்கவில்லை என்று ஓராண்டுக்குள் விட்டாள். அதன்பின் தன் உயிர்த்தோழியையும் விட்டாள். அவள் இத்தகைய நாவல் எதனையும் படித்தவளல்லள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பொறாமையே அன்பின் அடையாளம் என்னும் பாடத்தை அவள் திரைப்படத்திலும் பாட்டிலும் பிறர் பேச்சிலும் கற்றிருந்தாள். ஆகவே, எல்லாப் பழியையும் நூல்கள்மேல் சுமத்துவது நேர்மையாகாது. அவள் கையில் நல்ல நூலொன்று இருந்திருந்தால், அன்பு எது, அடிமைத்தனம் எது என்று ஒருவேளை வினவியிருப்பாளோ என்னும் எண்ணமே நம்மை வருத்துகிறது.

அத்தகைய நூலுக்கு அருகில் வருவது, கொலீன் ஹூவர் 2016இல் வெளியிட்ட ‘இட் எண்ட்ஸ் வித் அஸ்’. தம் தாயின் வாழ்வை அடிப்படையாகக் கொண்டு இதனை எழுதியதாக ஆசிரியரே குறிப்பிட்டுள்ளார். தந்தை தாயை அடிப்பதைக் கண்டு வளர்ந்த லில்லி, பாஸ்டன் நகரில் பூக்கடை நடத்துகிறாள். ரைல் என்னும் அறுவை மருத்துவர் அவளைத் தேடி 29 வீடுகளின் கதவுகளைத் தட்டி வந்து சேர்கிறார். இருவரும் மணந்துகொள்கின்றனர். பின்னர் அவர் கை ஓங்குகிறார், வருந்துகிறார், மீண்டும் ஓங்குகிறார். பெண் குழந்தை பிறந்தபின், இம்மகளுக்கு இதே நிலை வந்தால் என்ன சொல்வீர் என்று லில்லி அவரிடமே கேட்டு, மணவாழ்வை முடித்துக்கொள்கிறாள். இது வயது வந்தோருக்கான நூல். பள்ளிச் சிறுமியருக்கு உரியதன்று. கதையின் முற்பகுதி ரைலின் பிடிவாதத்தை மிகவும் இனிப்பாக வருணிப்பதும் ஒரு குறையே. இதுபற்றிக் கேட்டபோது நம் தங்கை மகள் கூறியது நம்மை வியக்கவைத்தது. “அந்த 29 கதவுகளை முதலில் படித்தபோது எனக்கும் பிடித்திருந்தது, பெரியம்மா. அவன் அடித்தபிறகு மறுபடியும் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். வேண்டாம் என்றால் கேட்காதவன் அங்கேயே இருந்தான்” என்றாள். நூலைப் பறித்துப் பரண்மேல் வைத்திருந்தால் இத்தெளிவு அவளுக்கு வாய்த்திராது. 2023இல் இந்நாவலுக்கு வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்று வெளிவரும் என அறிவிக்கப்பட்டபோது, துன்பக் கதையை விளையாட்டாக்குவதா என்று வாசகர்களே எதிர்த்து எழுந்தனர், அத்திட்டம் கைவிடப்பட்டது. இளையோருக்குப் பகுத்தறியத் தெரியாது என்போர் இதனையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இன்னும் இரு நூல்களைக் கூறி அமைவோம். ரெயின்போ ரோவெல் எழுதிய ‘எலனார் அண்ட் பார்க்’ 1986இல் ஒமாஹா நகரில் நிகழ்வது. பள்ளிப் பேருந்தில் ஒரே இருக்கையில் அமர நேர்ந்த இருவரின் கதை அது. கொடிய மாற்றாந்தந்தையிடமிருந்து தப்பவேண்டிய நிலை எலனாருக்கு வரும்போது, பார்க் அவளைத் தொலைவிலுள்ள மாமன் வீட்டுக்கு வண்டியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறான். அவ்வாறு செய்தால் அவளை இழக்க நேரும் என்பதை அறிந்தே செய்கிறான். ஜான் கிரீன் 2012இல் வெளியிட்ட ‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’ நாவலில் புற்றுநோயுற்ற ஹேசல், தான் இறந்தபின் பெற்றோர் என்ன ஆவர் என்று கலங்குகிறாள். தன் தாய் சமூகப் பணிக்கான படிப்பை மேற்கொண்டிருப்பதை அறிந்தபோது அவள் அடையும் மகிழ்ச்சி, அந்நூலின் காதல் காட்சிகளைவிட நம் கண்களை நனைத்தது. காதலித்தமையால் இவர்களுடைய உள்ளம் சுருங்கவில்லை. பிறருக்கும் அங்கே இடமிருந்தது.

இந்நூல்களைப் பெண்பிள்ளைகளே மிகுதியாகப் படிக்கின்றனர். ஆண்பிள்ளைகளும் படிக்கவேண்டும் என்பது நம் விருப்பம். ‘வேண்டாம்’ என்ற சொல்லைக் கேட்டு நிற்பதில் இழிவு இல்லை என்பதைப் பார்க் போன்ற ஓர் இளைஞனின் கதை எளிதில் உணர்த்திவிடும். அறிவுரை செல்லாத இடத்துக்கும் கதை சென்றுவிடும் அன்றோ?

பெற்றோர்க்கு நாம் கூற விரும்புவது ஒன்றே. உங்கள் பிள்ளை படிக்கும் நாவலை, அவள் முடித்தபின் நீங்களும் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஆங்கிலம் வராதெனில் கதையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கேட்டவுடன் கண்டிக்கத் தொடங்கிவிட்டால் அடுத்த கதை உங்கள் செவிக்கு வாராது. கேட்டபின், ‘இருவரும் சேர்ந்தார்களா?’ என்று வினவுவதோடு நின்றுவிடாமல், ‘அவன் வந்தபின் அவளுடைய தோழி என்ன ஆனாள்? அவள் படிப்பு என்ன ஆயிற்று? அவள் வேண்டாம் என்றபோது அவன் என்ன செய்தான்?’ என்றும் கேட்டுப் பாருங்கள். நாம் கேட்டுப் பார்த்தோம். இரவு உணவு முடிந்து, இலை எடுத்த பின்னும் பேச்சு முடியவில்லை.