பின்னவலைக்குப் போய் வந்த பிறகு

எட்டியாந்தோட்டைப் பக்கம் முதல் தடவையாக வருகிறவர்களுக்கு இது மலைநாடா, சமவெளியா என்ற மயக்கம் ஏற்படும். நுவரெலியாவின் குளிர் இங்கில்லை. ஒரு சரிவில் தேயிலை, அடுத்த சரிவில் இறப்பர், இரண்டுக்கும் நடுவே லயங்கள், கீழே களனி கங்கை. மழை வந்தால் பால் வெட்டு நின்றுவிடும் என்பதால், விடிந்ததும் பெண்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தபடியே இறப்பர் மலைக்குப் போவார்கள். சமூகவியலில் பட்டம் பெற்று வேலையில் சேர்ந்த புதிதில், 2015ஆம் ஆண்டில், எனக்குக் கிடைத்த இடம் இந்தக் கேகாலை மாவட்டத் தோட்டங்கள்தான்.

யுத்தம் நடந்தது வடக்கிலும் கிழக்கிலும்தானே, சபரகமுவ தோட்டங்களில் யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பெண்கள் எப்படி இருப்பார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. 1977இலும் 1981இலும் நடந்த வன்செயல்களின்போது தோட்டங்களை விட்டு ஓடிய பல குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறின. யுத்தம் அவர்களை அங்கே பிடித்துக்கொண்டது. 2009 மே மாதத்தில் அது முடிந்த பின்னர், போக்கிடம் இல்லாத சிலர் அண்ணன் வீடு, சித்தி வீடு என்று பழைய லயங்களுக்கே திரும்பி வந்தார்கள்.

அப்படி வந்தவர்தான் நான் இங்கே சொல்லப்போகும் அக்கா. மிதிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். கணவரும் இல்லை. அண்ணனின் லயக் காம்பிராவில், அடுப்படிக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார். ஜெய்ப்பூர் கால் ஒன்று இருந்தது. போட்டால் புண்ணாகிறது என்று அதைச் சாக்கில் சுற்றி மேலே வைத்திருந்தார். வெளியே வருவது குறைவு.

ஒருநாள் நான் போனபோது விறகு அடுக்கிய கொட்டிலின் பின்னால் இருந்தார். அவருக்கு முன்னால் ஒரு கறுப்புப் பெட்டை நாய். பெரிய வீதியில் லொறி ஏறிப் பின்னங்கால் நசுங்கியிருந்தது. அண்ணி வாசலிலேயே சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்: "இருக்கிற வாய்க்கே சோறு பத்தல. இதுல நொண்டி நாய் வேறயா?"

நானும் அண்ணி பக்கமே பேசினேன். "அக்கா, உங்களுக்கே உதவி தேவைப்படுகிற நேரத்தில் இது எதற்கு?" என்றேன். நல்லது சொல்வதாகவே நினைத்தேன். அவர் பதில் பேசவில்லை.

மூன்று நாட்கள் கழித்து மகளிர் குழுவின் சுற்றுலா. பின்னவல யானைகள் அநாதை இல்லத்துக்குப் போவதென்று முன்பே முடிவாகியிருந்தது. அக்காவும் வந்தார், ஜெய்ப்பூர் காலைப் போட்டுக்கொண்டு. கரவனெல்ல சந்தியில் திரும்பி, புளத்கொஹுபிட்டிய வழியாகக் கேகாலைக்கு ஏறி, அங்கிருந்து ரம்புக்கனை வீதியில் இறங்கினோம். வளைவுக்கு வளைவு பாட்டும் வாந்தியுமாகப் பயணம் போனது.

பின்னவல இல்லம் 1975இல் வனஜீவராசிகள் திணைக்களத்தால் ஒரு தென்னந்தோட்டத்தில் ஆரம்பிக்கப்பட்டது. தாயை இழந்த, காட்டில் கைவிடப்பட்ட யானைக்குட்டிகளைக் காப்பாற்றுவதே நோக்கம். 1978இல் மிருகக்காட்சிசாலை நிர்வாகத்தின் கீழ் வந்தது. 1984இல் முதல் குட்டி அங்கேயே பிறந்தது. யானைகளைக் கூட்டமாக மகா ஓயாவுக்குக் குளிக்கக் கொண்டு போவார்கள். கடைத்தெருவின் நடுவே அவை நடந்து வருவதைப் பார்க்க உலகமெங்கும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். சங்கிலிகளும் உண்டு. உல்லாசப் பயணிகளின் பணத்துக்காக யானைகளைக் காட்சிப் பொருளாக்குகிறார்கள் என்ற விமர்சனமும் உண்டு. அதையும் மறைக்கத் தேவையில்லை.

எங்கள் பெண்கள் குட்டிகள் பால் குடிப்பதைப் பார்க்க ஓடினார்கள். அக்காவால் ஓட முடியாது. நானும் அவரோடு மெதுவாக நடந்தேன். அப்போதுதான் சாமாவைக் கண்டோம்.

சாமா ஒரு பெண் யானை. சிறு கன்றாக வடக்குக் காட்டில் திரிந்தபோது மிதிவெடியில் அகப்பட்டு ஒரு முன்காலின் பாதத்தை இழந்தது. உயிரோடு பின்னவலைக்குக் கொண்டு வரப்பட்டு, வைத்தியம் செய்யப்பட்டு, அங்கேயே வளர்ந்தது. சிங்களத்தில் 'சாமய' என்றால் சமாதானம். அது மூன்று கால்களில் உடம்பைத் தூக்கித் தூக்கி வைத்து வந்தது. வெடி வைத்தவர்களுக்கு அதன்மேல் கோபமில்லை. அதற்கும் எந்தப் பக்கமும் இல்லை.

அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு சொன்னார்:

"காலு போன ஆனையப் பாக்க காசு குடுத்து வாராங்க மிஸ். காலு போன பொம்பள எதிர்ல வந்தா மொகத்தத் திருப்பிக்கிறாங்க."

எனக்குப் பேச்சு வரவில்லை. பாகன் அருகில் வந்தார். யானைக்கு வலிக்குமா என்று கேட்கச் சொன்னார் அக்கா. சிங்களத்தில் கேட்டேன். இது வேகமாக நடக்காது, நாங்கள்தான் இதற்கு நேரம் கொடுக்க வேண்டும் என்றார் அவர். வலியைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லைதான். ஆனால் அக்கா தலையாட்டினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து தாமாகவே பேசினார். கிளிநொச்சியில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது, இந்த இதழை வாசிக்கும் உங்களில் பலர் செய்ததைப் போலவே, மாடுகளையும் நாயையும் கட்டவிழ்த்து விட்டாராம். "மாடு நின்னுருச்சு. நாய் மட்டும் பின்னாலயே வந்துச்சு. பங்கருக்குள்ள எடமில்லனு வெரட்டி விட்டேன். அது எங்க போச்சுனு தெரியல." விறகுக் கொட்டில் நாயை அவர் ஏன் விடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. "உங்களுக்கே உதவி தேவை" என்று நான் சொன்ன வார்த்தை என் தொண்டையில் முள்ளாக நின்றது.

மறுநாள் வேலை ஆரம்பமானது. இரக்கம் ஒரு நிமிட விஷயம். காயம்பட்ட ஒரு பிராணியை ஏற்பதோ தினசரி வேலை, செலவு, பொறுமை மூன்றும் சேர்ந்தது. நாங்கள் கற்றுக்கொண்டவற்றை ஒழுங்காகச் சொல்கிறேன்.

வலியில் இருக்கும் நாய், சோறு போட்ட கையையும் கடிக்கும். தூக்குமுன் மெல்லிய துணியால் வாயைக் கட்ட வேண்டும். மூச்சுக்குத் தடை இருக்கக்கூடாது. கடித்தாலோ பிறாண்டினாலோ உடனே சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அரசாங்க வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும். அங்கே நீர்வெறுப்பு நோய்க்கான ஊசி இலவசம். அந்த நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம் என்பதால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது.

காயத்தைக் கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் கழுவலாம். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, நாம் குடிக்கும் வலி மாத்திரை எதுவும் வேண்டாம். நம் மாத்திரை நாய்க்கும் பூனைக்கும் நஞ்சாகலாம். புழு வைத்துவிட்டால் வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும். பிரதேச செயலகப் பிரிவுகளில் அரச மிருக வைத்தியர்கள் இருக்கிறார்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டும்தான் அவர்கள் என்று எண்ண வேண்டாம்.

கறுப்பியின் கால் பிழைக்காது என்றார் வைத்தியர். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்துக்குக் கொண்டு போகச் சொன்னார். பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். அப்போது தோட்டத்து அடிப்படை நாட்கூலி 450 ரூபாய். முச்சக்கர வண்டிக்கு மட்டும் ஒரு வாரக் கூலிக்கு மேல் போனது. மகளிர் குழுவின் சேமிப்பிலிருந்து கடன் கொடுப்பதா என்று கூட்டத்தில் பெரிய வாக்குவாதம் நடந்தது. "நாளைக்கு எம் பிள்ளைக்குக் காய்ச்சல்னா காசு இருக்குமா?" என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. அக்கா மாதம் மாதம் திருப்பித் தருவதாகச் சொல்லி, கோழி வளர்த்து முட்டை விற்று, சொன்னபடியே தந்தார்.

கால் எடுத்தாகிவிட்டது. தையல் ஆறும்வரை காலையும் மாலையும் மருந்து. அந்த வேளைகளில் எழுந்து நடக்க வேண்டியிருந்ததால் அக்காவும் தம் காலைச் சாக்கிலிருந்து எடுத்தார். புண் வராமல் இருக்கக் கட்டைக் காலின் முனையில் எப்படிப் பஞ்சு வைப்பது, எப்படி ஈரம் துடைப்பது என்று தமக்குத் தெரிந்ததையே நாய்க்கும் செய்தார். "எனக்கு எங்க நோவுதோ அங்கதான் அதுக்கும் நோவும்" என்பார். கர்ப்பத்தடை செய்வித்து, வருடா வருடம் விசர்நாய்த் தடுப்பூசியும் போட்டார். 2006இல் தெருநாய்களைக் கொல்வதை அரசு நிறுத்திய பிறகு, ஊசியும் கர்ப்பத்தடையும்தான் நாய்க்கும் நமக்கும் பாதுகாப்பு. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால், இலவசமாக ஊசி போடும் நாளைச் சொல்வார்.

இதற்காக எல்லோரும் ஒரு நொண்டிப் பிராணியைத் தேடிப் பிடித்து வளர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரே காம்பிராவில் கைக்குழந்தையோடு இருப்பவர்களால் முடியாது. யார் தண்ணீர் வைப்பது, நாம் மருத்துவமனையில் படுத்தால் யார் பார்ப்பது, மாதம் எவ்வளவு ஒதுக்கலாம் என்று முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். முடியாதென்றால் வைத்தியரிடம் சேர்ப்பதோ, வளர்ப்பவருக்கு மாதம் ஒரு கிலோ அரிசி கொடுப்பதோகூடப் பெரிய உதவிதான்.

இதை எனக்குப் புரியவைத்தது இரத்தினபுரிப் பக்கத்து வேலை. பெல்மதுளையிலிருந்து கஹவத்தை, கொடகவெல வழியாக எம்பிலிப்பிட்டிய போனால், அங்கிருந்து உடவளவ கிட்டத்தான். சபரகமுவவும் ஊவாவும் சந்திக்கும் எல்லை அது. அங்கே 1995இல் தொடங்கப்பட்ட யானைக்குட்டிகளின் இடைத்தங்கல் இல்லம் இருக்கிறது. இடைத்தங்கல் என்ற சொல் நமக்குப் புதிதல்லவே. ஆனால் இது வேறுவிதமான இடைத்தங்கல். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பால் கொடுக்கிறார்கள். பார்வையாளர்கள் தூரத்தில்தான் நிற்க வேண்டும். மனிதரோடு பழகிவிட்டால் குட்டி காட்டுக்குத் திரும்ப முடியாது. விரும்பியவர்கள் ஒரு குட்டியைத் தத்தெடுத்துப் பால் செலவை ஏற்கலாம். வீட்டுக்குக் கொண்டு போக முடியாது, சொந்தம் கொண்டாடவும் முடியாது. 1998 முதல் இப்படி நூற்றுக்கு மேற்பட்ட யானைகள் காட்டுக்குத் திரும்பிவிட்டன.

திரும்பிப் போகக்கூடியவர்களுக்கு உடவளவ. திரும்ப முடியாதவர்களுக்குப் பின்னவல. ஒரே மாகாணத்தில் இரண்டும் தேவைப்படுகின்றன. நம் பெண்களிலும் சொந்தக் காணிக்குத் திரும்பியவர்கள் உண்டு; திரும்ப முடியாமல் இருக்கும் இடத்தையே வீடாக்கிக்கொண்டவர்களும் உண்டு. யாருக்கு எது தேவை என்று கேட்காமல் உதவி செய்யக்கூடாது என்பதைத்தான் நான் படித்துக்கொண்டேன்.

கறுப்பி ஆறு வருடங்கள் இருந்து 2021இல் இறந்தது. இறப்பர் மரத்தடியில் குழி வெட்டியவர், அன்று வாசலில் சத்தம் போட்ட அதே அண்ணிதான்.

சகோதரிகளே, காயம்பட்ட ஓர் உயிரை நீங்கள் ஏற்க நினைக்கும்போது, "உங்களுக்கே உதவி தேவை, இது எதற்கு?" என்று என்னைப்போல் யாராவது கேட்கக்கூடும். கணக்கைப் பாருங்கள். கணக்குச் சரியாக வந்தால், கேட்டவரிடம் ஒரு பழைய சாக்குக் கேளுங்கள். நாய்க்குப் படுக்க வேண்டுமே.