தலையணை மேல் ஒரு சாக்லேட்

விருந்தொன்றில் எங்களைப் புதியவர் ஒருவருக்கு அறிமுகப்படுத்திய நண்பர், "பாதி ஆயுளைக் கப்பலிலேயே கழித்தவர்கள்" என்றார். சற்று மிகை. 2004 முதல் 2023 வரை ஒரே கம்பெனியின் கப்பல்களில் 14 முறை போயிருக்கிறோம். கப்பலில் உறங்கிய இரவுகள் மொத்தம் 96. திருமண நாளைத் திடீரென்று கேட்டால் எங்களில் ஒருவர் சற்றே தயங்கக்கூடும் (யார் என்று எழுதக்கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் இக்கட்டுரை இருவர் பெயரிலும் எழுதப்படுகிறது). கப்பல் இரவுகளைக் கேட்டாலோ இருவரும் ஒரே குரலில் 96 என்போம். நூறு ஆனால் அடுத்த படி. மிச்சமுள்ள அந்த நான்கு இரவுகளை ஏன் போய் முடிக்கவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறோம்.

நாங்கள் வசிப்பது ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில். 528ஆம் எண் சுங்கச்சாலையில் கிழக்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் கனாவெரல் துறைமுகம். ராக்கெட் ஏவும் தளத்துக்கு அண்டை வீடு. மாலையில் அங்கிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பல், கரீபியன் தீவுகள் சிலவற்றைத் தொட்டுவிட்டு ஏழாம் இரவு கழிந்த விடியலில் புறப்பட்ட இடத்திலேயே வந்து நிற்கும். போய்ச் சேரவேண்டிய ஊர் என்று ஒன்று இல்லாத பயணம். நசாவையும் கொசுமெலையும் செயின்ட் தாமஸையும் மூன்று முறை பார்த்தபின் நான்காம் முறை பார்க்க அங்கே அதிகம் இல்லை. பல சமயம் நாங்கள் கரையில் இறங்குவதே இல்லை. எல்லோரும் இறங்கிப் போனபின் காலியாகக் கிடக்கும் மேல்தளத்தில் ஆளுக்கொரு புத்தகத்தோடு உட்கார்ந்திருப்போம். பிறகு எதற்காகப் போகிறீர்கள் என்று மகள் கேட்பாள். அவளுக்குச் சொன்ன பதில்களில் ஒன்றுகூட முழு உண்மை அல்ல.

முழு உண்மை 2004இல் இருக்கிறது. அப்போது அவளுக்கு ஏழு வயது. அந்நாளில் கப்பலில் இரவுணவுக்கு நேரமும் மேசையும் நிர்ணயிக்கப்பட்டிருந்தன. ஏழு இரவும் அதே மேசை, அதே பரிமாறுபவர். எங்களுக்கு வாய்த்தவர் மங்களூர்க்காரர். முதல் இரவு நாங்கள் வேகவைத்த காய்களையும் ரொட்டியையும் வைத்துக்கொண்டு விழிப்பதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் இரவு மூடி போட்ட கிண்ணம் ஒன்றை மேசைமேல் வைத்தார். பருப்பும் சோறும். கப்பலின் அடித்தளத்தில் சிப்பந்திகள் தங்களுக்காகச் சமைத்துக்கொள்ளும் உணவு அது. மிளகும் பூண்டும் தூக்கலாக இருந்தது. பதினோரு தளம் கொண்ட அந்த மிதக்கும் மாளிகையில் எங்களுக்கென்று யாரோ படியேறி எடுத்துவந்த ஒரு கிண்ணம். உண்டு முடித்து அறைக்குத் திரும்பினால், படுக்கை விரிக்கப்பட்டிருந்தது. தலையணைக்கு ஒன்றாகச் சாக்லேட். நடுவில், துவாலையை மடித்துச் செய்த யானை ஒன்று, மகளின் கறுப்புக் கண்ணாடியை அணிந்துகொண்டு எங்களைப் பார்த்தது. அவள் அன்று சிரித்த சிரிப்புக்காகத்தான் அடுத்த பதின்மூன்று முறையும் போனோம் என்று இப்போது தோன்றுகிறது. யானையை மடிப்பது எல்லாக் கப்பல்களிலும் உள்ள வழக்கம் என்பதும், புதிதாகச் சேரும் பணியாளர்களுக்கு அதற்குப் பயிற்சியே உண்டு என்பதும் பிற்பாடு தெரியவந்தது. தெரிந்தபின்னும் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இந்த மயக்கத்துக்குக் கம்பெனி வைத்திருந்த பெயர் விசுவாசம். இரவுக்கு ஒரு புள்ளி, இத்தனை புள்ளிக்கு இந்தப் படி. முதற்படியில் துணிப்பை. அடுத்ததில் கப்பல் தலைவரோடு ஒரு மாலை விருந்து. அதற்கும் மேலே ஏறினால் சலவை இலவசம், கப்பலில் ஏற முன்வரிசை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் வழக்கு. இங்கே உப்புக்கும் சேர்த்துக் காசு கொடுத்தவர்கள் நாங்கள். ஆயினும் விசுவாசிகள் என்று அழைக்கப்பட்டபோது சற்று நெஞ்சு நிமிர்ந்தது என்பதை மறைப்பதற்கில்லை. படிக்கட்டில் முன்னால் வந்தவர்களை எண்ணும்போது பின்னால் நிற்பவர்களையும் எண்ணத்தான் செய்தோம்.

பிறகு 2020 மார்ச் வந்தது. அமெரிக்காவில் பெரிய உல்லாசக் கப்பல்கள் நின்றுபோய், 2021 ஜூனில்தான் மீண்டும் பயணிகளை ஏற்றின. வருமானமின்றி ஓராண்டுக்கு மேல் நங்கூரமிட்ட கப்பலுக்கும் எரிபொருள் வேண்டும், ஆள் வேண்டும், வண்ணப்பூச்சு வேண்டும். கம்பெனிகள் கடன் வாங்கின. இத்தொழிலில் மிகப்பெரிய கார்னிவல் குழுமம் 2020 ஏப்ரலில் 400 கோடி டாலரை 11.5 சதவிகித வட்டிக்கு வாங்கியது. 2023 தொடக்கத்தில் அதன் மொத்தக் கடன் 3,500 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அந்த வட்டியை யார் கட்டுவார்கள் என்று யோசிக்கப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே கட்டணம் ஏறியதை நாங்கள் மன்னித்துவிட்டோம். மனதார. எங்களுடைய கம்பெனியும் கடனில்தான் தத்தளித்துக்கொண்டிருந்தது. காய்கறிக் கடையிலும் பெட்ரோல் நிலையத்திலும் ஏறாத விலையா? ஏறிய விலை வாசலிலேயே பலகையில் எழுதிப் போடப்பட்டிருக்கும். கட்டுப்படியானால் உள்ளே போகலாம், இல்லாவிட்டால் திரும்பலாம். அதில் வஞ்சனை இல்லை.

மன்னிக்க முடியாமற்போனது சாக்லேட்டை.

எழுதும்போதே சிறுமையாக இருக்கிறது. கடையில் வாங்கினால் சில காசு பெறாத பண்டம். 2023இல் கிளம்பியபோது அது இல்லை. யானை இல்லை. அறைப் பணியாளர் காலையில் ஒருமுறை மட்டும் வருவார். மாலையில் படுக்கை விரிக்கும் வழக்கம் நின்றுவிட்டிருந்தது. நாளைய நிகழ்ச்சிகளை அச்சிட்டு வைக்கும் தாள் கைப்பேசிக்குப் போய்விட்டது. நள்ளிரவில் அறைக்கு ஒரு ரொட்டித் துண்டு வரவழைத்தால் தனிக் கட்டணம். உணவுக்கூடத்தில் நிலையான மேசை கேட்டு வாங்கவேண்டியதாயிற்று. பருப்பும் சோறும் இப்போது பட்டியலிலேயே தினமும் இருக்கிறது என்பதையும் நேர்மைக்காகச் சொல்லவேண்டும். எவரும் கேட்கலாம், எவருக்கும் வரும். முன்னேற்றம்தான். ருசியிலும் குறையில்லை. எங்களில் ஒருவர் அதைத் தொடாமல் பாஸ்டா சாப்பிட்டார்.

அந்த ஏழு நாளும் எங்களை உறுத்தியது இன்னொன்று. எங்கள் மேசைக்கு எதிரே ஒஹாயோவிலிருந்து முதன்முறையாக வந்திருந்த இளம் தம்பதியர், வியப்பில் வாய் பிளந்திருந்தார்கள். அவர்களுக்கு எதுவும் குறையவில்லை. தலையணையில் சாக்லேட் இருக்கும் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லையே. குறைப்பு என்பது முன்பு பார்த்தவன் கண்ணுக்கு மட்டுமே புலப்படுகிற பொருள். ஒரு கப்பலில் எதையெல்லாம் எடுத்துவிட்டார்கள் என்பதற்குச் சாட்சி சொல்லக்கூடியவர்கள் அதற்கு விசுவாசமாக இருந்தவர்கள் மாத்திரமே. மற்றவரைத் தொடாத ஒன்று எங்களைத் தேடிவந்து குத்துவதற்கு நாங்கள் சேர்த்து வைத்த இரவுகளே வழிகாட்டின.

கம்பெனிக்கு இது தெரியாமலிருக்குமா? தெரியும். ஆனால் அதன் கணக்கே வேறு. அறைக்கு இருவர் என்று வைத்துத்தான் இத்தொழிலில் நூறு சதவிகிதம் என்பார்கள். பிள்ளைகளோடு மூவரும் நால்வருமாக ஏறும்போது நூற்றைத் தாண்டிவிடும். 2024 ஜனவரியில் பயணிகளை ஏற்றத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' இந்தக் கணக்குப்படி 5,610 பேருக்கானது; நெருக்கினால் 7,600 பேர். உலகெங்கும் கடற்பயணம் போனவர்கள் 2019இல் 2.97 கோடி, 2024இல் 3.46 கோடி. வாசலில் புதியவர்கள் வரிசை கட்டி நிற்கும்போது பழையவரின் முகச்சுளிப்பு எந்தப் பதிவேட்டில் ஏறும்? தவிர, பெரிய கம்பெனிகளின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கப்பலுக்குள் மதுவுக்கும் சூதாட்டத்துக்கும் கரைச்சுற்றுலாவுக்கும் இத்யாதிக்கும் கொடுக்கப்படும் பணம். மேல்தளத்தில் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருப்பவர்களால் கம்பெனிக்கு என்ன லாபம்!

இந்த இடத்தில் எங்கள் கதையில் நாங்கள் ஒளித்துவைக்க விரும்பிய பகுதி வருகிறது. சேவைக் கட்டணம் என்று ஒன்று உண்டு. ஆளொன்றுக்கு நாள்தோறும் தானாகவே கணக்கில் ஏறும் டிப்ஸ். நாங்கள் போகத் தொடங்கிய காலத்தில் 10 டாலர் அளவில் இருந்தது; 2023இல் கம்பெனிக்குக் கம்பெனி 16 முதல் 20 டாலர்வரை ஆகியிருந்தது. பணியைப் பாதியாக்கிவிட்டு டிப்ஸை ஏற்றுவதா என்று எங்களுக்குச் சுர்ரென்றது. மூன்றாம் நாள் ஐந்தாம் தளத்து முகப்பில் வரிசையில் நின்று, விண்ணப்பம் நிரப்பி, அந்தக் கட்டணத்தை நீக்கச் சொன்னோம். அறைப் பணியாளருக்குக் கையிலேயே கொடுத்துக்கொள்கிறோம் என்றோம். எங்களுக்கு முன்னால் நால்வர் அதற்காகவே நின்றிருந்தார்கள். ஏறக்குறைய ஒரு போராட்டத்தில் கலந்துகொண்ட களிப்போடு திரும்பினோம்.

அறைப் பணியாளர் ஜாவாக்காரர், முப்பது வயதிருக்கும். ஊரில் இரண்டு பிள்ளைகள். மாலைப்பணி போனதில் அவர் வேலை குறைந்திருக்கும் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். உண்மையில் கூடுதல் அறைகளை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். கடைசி இரவு பணத்தை உறையிலிட்டுக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டார். பிறகு மிகுந்த தயக்கத்தோடு, கட்டணத்தை நீக்கியவர்கள் கையில் கொடுப்பதைத் தாம் வைத்துக்கொள்ள முடியாது, பொது நிதியில் ஒப்படைக்கவேண்டும் என்றார். அப்படி ஒரு பட்டியல் அவர்களிடம் வரும் என்றார். முறையிடும் குரல் அல்ல. பின்னாளில் எங்களுக்குத் தெரியவந்து நாங்கள் வருந்தக்கூடாதே என்கிற குரல். மேலே இருப்பவரைத் தேடிப் புறப்பட்ட எங்கள் கோபம், நீர்மட்டத்துக்குக் கீழே சன்னலில்லாத அறையில் உறங்குபவர்மேல் போய் இறங்கியிருந்தது. அன்றிரவே முகப்புக்குப் போய் நீக்கியதைத் திரும்பச் சேர்க்கச் சொன்னோம். அதே பெண், அதே விண்ணப்பத்தாள். அவள் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. எங்களைப்போல் எத்தனை பேரைப் பார்த்திருப்பாளோ! அறைக்குத் திரும்பினால் படுக்கைமேல் துவாலை யானை ஒன்று நின்றிருந்தது. எப்போது வந்து செய்துவிட்டுப் போனார் என்று தெரியவில்லை. நாங்கள் இருவரும் அதைத் தாண்டிப் படுக்க மனமின்றி நெடுநேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தோம்.

ஊர் திரும்பிய மூன்றாம் வாரம் கம்பெனியிடமிருந்து கடிதம்: இன்னும் நான்கே இரவுகள்! சமையலறை மேசையில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அடுத்த படியில் கிடைக்கும் சலுகைகளைக் கடையில் காசு கொடுத்து வாங்கினால் ஆகும் செலவு, அந்த நான்கு இரவுக் கட்டணத்தில் கால்வாசிகூட வரவில்லை. மகள் சிரித்தாள். வேறொரு காலச் சிரிப்பு.

2025 ஜூனில் கார்னிவல் கம்பெனி (நாங்கள் பயணித்தது இதில் அல்ல) ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2026 ஜூன் முதல், கப்பலில் கழித்த நாட்களுக்குப் பதிலாகச் செலவழித்த பணத்தை வைத்துப் படிகள் நிர்ணயிக்கப்படும் என்றது. விமானக் கம்பெனிகள் முன்னரே போன பாதைதான். டெல்டா 2015இலேயே பறந்த மைல்களை விட்டுக் கொடுத்த டாலரைக் கணக்கில் எடுத்தது. எங்களில் ஒருவர் இதைத் துரோகம் என்றார். மற்றவர், இத்தனை ஆண்டுகளில் கம்பெனி சொன்ன முதல் நேர்மையான வார்த்தை இது என்றார். அவர்கள் அன்றும் பணத்தைத்தான் எண்ணினார்கள், நாகரிகம் கருதி இரவுகள் என்று சொல்லிவந்தார்கள், அவ்வளவே என்பது அவர் கட்சி. வாக்குவாதம் இன்னும் தீரவில்லை. சாப்பாட்டு மேசையில் அவ்வப்போது தொடர்கிறது.

சென்ற ஜனவரியில் வேறொரு கம்பெனியின் கப்பலில் நான்கு இரவுகள் போய்வந்தோம். ஆம், சரியாக நான்கு. அங்கே எங்களுக்குப் படியே இல்லை. அட்டையில் வெறும் பெயர். பொது வரிசையில் நின்று ஏறினோம். சாப்பாடு நன்றாக இருந்தது, கடல் அதே கடல்தான், பரிமாறிய பெண் கலகலப்பாகப் பேசினாள். குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை. இரண்டாம் இரவு பக்கத்து மேசையில் ஒரு முதிய தம்பதியர் வந்து அமர்ந்தார்கள். கழுத்துப் பட்டையில் உச்சப்படியின் சின்னம். அந்த அம்மையார் பட்டியலைப் புரட்டினார்; மறுபடி முதலிலிருந்து புரட்டினார்; பிறகு கணவரிடம் காட்டினார். அவரும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தேடிப் பார்த்துவிட்டு மெல்லத் தலையசைத்தார். எங்கள் மேசையிலிருந்த பட்டியலை எடுத்து நாங்களும் ஒருமுறை படித்துப் பார்த்தோம். அதில் என்ன இல்லை என்று எங்களுக்குத் தெரியவில்லை.