துருவின் பிடி

துரு என்றால் இரும்பு கரைந்து குறைவது என்றே பொதுவாக நினைக்கிறோம். பழைய மோட்டார் வண்டியின் எஞ்சினைப் பிரிக்க முற்பட்டவருக்கு அதன் மறுபக்கம் தெரியும். இரும்பு துருவாகும்போது, முன்பு தான் இருந்த இடத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைக் கேட்கிறது. மயிரிழை இடைவெளியுள்ள மரைக்குள் அவ்விடம் ஏது? எனவே போல்ட்டையும் நட்டையும் நெருக்கி ஒன்றாக்கி விடுகிறது. 'துரு பிடித்தது' என்று நம் முன்னோர் சொல்லி வைத்ததன் பொருத்தத்தை நான் உணர்ந்தது, திருவண்ணாமலை செங்கம் சாலையிலுள்ள ஒரு பட்டறையில்தான்.

வண்டி என் தாய்மாமாவுடையது. 1968இல் பதிவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மதராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் வெளியிட்டு வந்த வண்டி அது. வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. முன்புற மூடி மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னோக்கிச் சாயும். முன்சக்கரத்தின் மீதே அமர்ந்து எஞ்சின் வேலையைப் பார்க்கலாம். அந்த நிறுவனம் 1980களின் இறுதியில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. மாமா 2004இல் மறைந்தபின், மணிலாக்கொட்டை மண்டியின் பின்கட்டுக் கொட்டகையில் வண்டி இருபது ஆண்டுகள் நின்றது.

மாமா மகனுக்குக் கொட்டகை இடம் தேவைப்பட்டது. பழைய இரும்புக் கடைக்காரர் வந்து விலையும் பேசிவிட்டார். வேறொரு பட்டறையில், எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு மாருதி எஞ்சின் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் 2021இல் மைய அரசு வகுத்த விதிப்படி, ஐம்பது ஆண்டு கடந்த வண்டி 'விண்டேஜ்' என்று பதிவாக வேண்டுமானால், அதன் சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவை மாற்றத்துக்கு உள்ளாகாமல் இருக்க வேண்டும். மாமி இந்த விதியை அறிந்தவரல்லர். அவர் சொன்னது இவ்வளவே: "பிளாக் உடைந்துபோனால் எடைக்குப் போட்டுவிடுங்கள். உடையாவிட்டால் என் கண்ணெதிரே நிற்கட்டும்." ஆகவே வழக்கு முழுவதும் 948 சி.சி. கொண்ட அந்த வார்ப்பிரும்புப் பிளாக்கின் மேல் வந்து நின்றது.

மேஸ்திரிக்கு எழுபது வயது கடந்திருக்கும். அவர் சுத்தியலைத் தொடாமல் வேலையைத் தொடங்கியது எனக்கு வியப்பளித்தது. மதரஸாவில் ஸர்ஃப் பாடம் நடத்தும்போது, கருவிப் பெயர்களின் வாய்பாட்டைச் சொல்லிக் கொடுப்போம். மிப்ரத் என்றால் அரம், மின்ஷார் என்றால் இரம்பம், மித்ரகத் என்றால் சுத்தியல். மிஃப்தாஹ் என்பது திறவுகோல். அரபு நாட்டுப் பட்டறைகளில் ஸ்பேனருக்கும் இதே பெயர்தான். பட்டறைப் பையன்களின் கைக்கு முதலில் வருவது மித்ரகத். மேஸ்திரியின் கைக்கு அது கடைசியில் வந்தது.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகளின் வழியே மண்ணெண்ணெயும் பிரேக் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் விட்டார். சைலன்சர் பக்கத்து நட்டுகளை கேஸ் வெல்டிங் சுடரால் மங்கிய சிவப்பாகும் வரை காய்ச்சினார். சற்று ஆறியதும் மெழுகுவர்த்தியை அதில் தொட்டு வைத்தார். உருகிய மெழுகு, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல மரைக்குள் ஓடி மறைந்தது. பின்பு ஸ்பேனரை வைத்து, கழற்றும் பக்கம் திருப்பாமல் முடுக்கும் பக்கம் மயிரளவு திருப்பினார். "முதலில் அதன் போக்கிலேயே ஒரு அடி போகணும் பாய், அப்புறம்தான் நம் போக்குக்கு வரும்" என்றார். இலக்கணம் மனனமாகாத பிள்ளைகளை மிரட்டும் ஆசிரியர்கள் சிலரை அந்தப் பட்டறைக்கு அனுப்பலாம் என்று எனக்குத் தோன்றியது. அப்படியும் ஒரு ஸ்டட் முறிந்தது. அதன் முனையில் வேறொரு நட்டை வெல்டிங் செய்து வெளியே கொண்டு வந்தார். வெல்டிங்கின் சூடே பாதிப் பிடியைத் தளர்த்திவிடுமாம்.

ஹெட்டைத் தூக்கியபோது முதல் சிலிண்டரும் மூன்றாவதும் பளபளத்தன. இரண்டும் நான்கும் செங்காவி பூசியதுபோல் இருந்தன. எஞ்சின் கடைசியாக நின்ற நிலையில் அவ்விரண்டின் வால்வுகளும் திறந்திருந்தன. இருபது ஆண்டு மழைக்காலத்தின் ஈரம் அவ்வழியே இறங்கியிருக்கிறது. கீழே கிராங்கைக் கழற்றி எடுத்தபின் நான்காவது பிஸ்டன் நயமாக வந்தது. இரண்டாவது அசையவில்லை.

அதற்குள் கார்த்திகைத் திருவிழா தொடங்கிற்று. தீப நாட்களில் எங்கள் ஊருக்குள் வண்டிகள் வர இயலாது. சாலையெங்கும் நடந்து வருவோர்தாம். பட்டறை பத்து நாள் மூடியிருந்தது. மேஸ்திரி மட்டும் தினமும் கதவைத் திறந்து, சிலிண்டரில் எண்ணெய் வற்றாமல் பார்த்துக்கொண்டார்.

விழா முடிந்ததும், பிளாக்கைச் சூடாக்கினால் பிஸ்டன் வந்துவிடாதா என்று கேட்டேன். முழுவதையும் சூடாக்கினால் இன்னும் இறுகும் என்றார். பிளாக் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். ஆகவே மீன் கடையிலிருந்து பனிக்கட்டி வாங்கிவரச் செய்து, பிளாஸ்டிக் பையில் கட்டி பிஸ்டன் தலைமேல் வைத்தார். பிளாக்கின் வெளிப்புறத்துக்கு மட்டும் மென்மையாகச் சூடு காட்டினார். புளியமரத்து வைரத்தை அறுபத்து மூன்று மில்லிமீட்டர் துளைக்குள் இறங்கும்படி கடைந்து வைத்திருந்தார். அதை நிறுத்தி, கடைசியில் மித்ரகத்தை எடுத்தார். ஐந்தாறு தட்டல், ஒவ்வொன்றுக்கும் இடையே நின்று காது கொடுத்தார். ஓசை மாறியது. ஒரு நெல்லின் கனம் கீழே இறங்கியிருந்தது. அதன்பின் சிலிண்டர் சுவரின் மேற்புறத் துருவை எமரித் தாளால் தேய்த்து நீக்கி, கீழிருந்து தட்டி மேலே எடுக்க அரை நாளாயிற்று. ரிங்குகள் மூன்று துண்டாக வந்தன.

பிளாக்கில் வெடிப்பு இல்லை. இரண்டாவது சிலிண்டரின் சுவரில் மட்டும் அம்மைத் தழும்புபோல் குழிகள் இருக்கின்றன. கடைந்து சரிசெய்ய முடியாத ஆழமாதலால் ஸ்லீவ் இறக்க வேண்டுமாம். பிளாக் இப்போது லேத்துப் பட்டறையில் இருக்கிறது. மாமியிடம் பிஸ்டனைக் காட்டினேன். அதைப் பார்க்காமலே, "பிளாக் உடையவில்லையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். கொட்டகையைக் கூட்டச் சொல்லி ஆள் அனுப்பினார்.