மெய்நிகர் உலகமும் கூடு விட்டுக் கூடு பாய்தலும்

ஓருடம்பில், ஓரிடத்தில், ஒரு காலத்தில் அடங்கி வாழ்வது மனிதனுக்கு என்றுமே போதியதாக இருந்ததில்லை. இருந்த இடத்தில் இருந்துகொண்டே வேறோரிடத்தில் உலாவவும், தன்னுருவை விட்டு வேற்றுருக் கொள்ளவும் அவன் நெடுங்காலமாக விரும்பி வந்துள்ளான். கூடு விட்டுக் கூடு பாய்தல் என்னும் சித்தினைப் பற்றி நம் நாட்டில் வழங்கும் கதைகள் பல. மேனாட்டிலோ இவ்விருப்பம் சென்ற நூற்றாண்டில் விஞ்ஞானக் கற்பனைக் கதைகளாக உருப்பெற்றது. மந்திரத்தால் ஆவதென்று நாம் கேட்டதை அக்கதைகள் இயந்திரத்தால் ஆகுமென்று கூறின. அவ்வியந்திரங்கள் இப்போது கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. கதாசிரியர் கண்ட மாயவுலகினை இற்றைநாள் தொழில்நுட்பம் எவ்வளவு தூரம் எட்டிப் பிடித்துள்ளது என்பதையும், அதனால் நமக்கு விளையத்தக்க நன்மை தீமைகளையும் ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

முதற்கண் மூன்று கதைகளை எடுத்துக்கொள்வோம். ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். பார்ஸ்டர், 'இயந்திரம் நிற்கிறது' என்று பொருள்படும் பெயரால் 1909-ஆம் ஆண்டில் ஒரு சிறுகதை வெளியிட்டார். அதில் வரும் மக்கள் நிலத்தின்கீழ்த் தேனடையின் கண்ணறைகளை ஒத்த தனியறைகளில் வாழ்கின்றனர். பொத்தானை அழுத்தினால் உணவு வரும், இசை வரும், தொலைவிலிருப்போர் உருவம் ஒளித்தட்டொன்றில் தோன்றிப் பேசும். ஒருவரை ஒருவர் தொடும் வழக்கமோ ஒழிந்துபோயிற்று. அடுத்து, அமெரிக்கரான ஸ்டான்லி வைன்பாம் 1935-இல் வெளியிட்ட 'பிக்மாலியனின் மூக்குக்கண்ணாடி' என்னும் கதையில், ஒரு பேராசிரியர் விந்தையான கண்ணாடியொன்றைச் செய்கிறார். அதனை அணிந்தவர் படத்தைக் காண்பதோடு நில்லாமல் அதனுள்ளேயே புகுந்து, கேட்டும், முகர்ந்தும், சுவைத்தும், தொட்டும், அங்குள்ளாரோடு உரையாடியும் வரலாம். மூன்றாவது, நீல் ஸ்டீபன்சன் 1992-இல் எழுதிய 'ஸ்னோ க்ராஷ்' என்னும் நாவல். அதில் வரும் மாயவுலகின் பெயர் 'மெட்டாவர்ஸ்'. அவ்வுலகில் உலவுவோர் தாங்கும் செயற்கையுருவத்திற்கு 'அவதார்' என்னும் பெயரைப் பலரறியச் செய்ததும் இந்நூலே. அச்சொல் நம் நாட்டிலிருந்து சென்றது என்பது வெளிப்படை. இறைவன் இறங்கி வந்து உடல் தாங்குதலைக் குறித்த சொல், மனிதன் தன்னுடலை நாற்காலியில் இருத்திவிட்டு எடுத்துக்கொள்ளும் நிழலுருவைக் குறிக்கலாயிற்று! அந்நாவலின் தலைவன் மெட்டாவர்ஸில் நல்ல மனைக்கு உடையவன். மெய்யுலகிலோ சரக்குகள் போட்டுவைக்கும் வாடகைக் கிடங்கறையில் இன்னொருவனோடு ஒண்டிக் குடியிருப்பவன். இம்முரண்பாட்டை நாம் நினைவிற்கொள்வது நன்று.

கதாசிரியரின் பேனா ஓடிய வேகத்தில் இயந்திரம் ஓடிற்றில்லை. இரு கண்களுக்கும் சிறிதே வேறுபட்ட இரு படங்களைத் தனித்தனியே காட்டினால், மூளை அவ்விரண்டினையும் இணைத்து ஆழமுடைய ஒரே காட்சியாகக் கொள்ளும் என்பதைச் சார்லஸ் வீட்ஸ்டன் என்பார் 1838-லேயே தம் 'ஸ்டீரியாஸ்கோப்' கருவியால் விளக்கிவிட்டார். 1962-இல் மார்ட்டன் ஹைலிக் என்னும் அமெரிக்கர் 'சென்ஸோராமா' என்ற பெட்டியொன்றிற்குக் காப்புரிமை பெற்றார். அதன்முன் அமர்ந்து தலையை உள்ளே நுழைப்பவர்க்குப் படத்தோடு காற்றும், மணமும், ஆசனத்தின் அதிர்ச்சியும் சேர்ந்து கிடைத்தன. எனினும் அப்பெட்டியின் காட்சி எவர் எப்பக்கம் திரும்பினும் மாறாதது. தலை திரும்பத் திரும்பக் காட்சியும் மாறும் கருவியை ஐவன் ஸதர்லண்டு என்னும் அறிஞர் 1968-இல் அமைத்துக் காட்டினார். அது தலையால் தாங்கவொண்ணாத பாரமுடையதாதலின், கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டது. தலைக்குமேல் வாள் தொங்க விருந்துண்ட டாமோக்ளீஸின் கதையை நினைந்து, அதற்கு 'டாமோக்ளீஸின் வாள்' என்னும் பெயரும் வழங்கலாயிற்று. அவ்வளவு பாடுபட்டும் அணிந்தவர் கண்டவை சில கோட்டுருவங்களே.

அன்று கூரையில் தொங்கியது இன்று மூக்கின்மேல் அமர்கின்றது. கைப்பேசிகளின் பொருட்டுச் சிறிய திரைகளும், அசைவை அளக்கும் நுண்கருவிகளும் மலிவானமையே இதற்குப் பெருங்காரணம். 2012-இல் 'ஆக்குலஸ்' என்னும் நிறுவனம் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டித் தன் கருவியைச் செய்யத் தொடங்கிற்று. 2014-இல் பேஸ்புக் நிறுவனம் அதனை ஏறக்குறைய 200 கோடி டாலருக்கு வாங்கிற்று. 2021 அக்டோபரில் பேஸ்புக் தன் பெயரையே 'மெட்டா' என மாற்றிக்கொண்டது. நாவலாசிரியர் ஒருவர் கேலியும் அச்சமும் கலந்து புனைந்த பெயரை நிறுவனமொன்று பெருமையோடு சூடிக்கொள்ளுதல் விந்தையன்றோ! 2024 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனமும் 3,499 டாலர் விலையில் இத்தகைய கருவியொன்றை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொணர்ந்தது.

எம் மாணவர் சிலர் கண்காட்சியொன்றிற்கு இத்தகைய கருவியைக் கொணர்ந்து, எம்மையும் அணியச் செய்தனர். உயர்ந்த மாளிகையின் உச்சியினின்று வெளியே நீண்டதொரு பலகை, கீழே அதலபாதாளம், பலகையின்மீது நடந்து செல்லவேண்டும். யாம் நின்றது வகுப்பறையின் சிமெண்டுத் தரை என்பதை நன்கறிவோம். ஆயினும் முழங்கால்கள் எம் அறிவைக் கேளாமல் நடுங்கின, உள்ளங்கை வியர்த்தது. "காலை எடுத்து வையுங்கள், ஐயா, ஒன்றும் ஆகாது," என்றார் ஒருவர். வைக்க இயலவில்லை. அப்போது ஒரு கை எம் கையைப் பற்றிற்று. மாயவுலகில் அக்கைக்கு உருவமில்லை. அதனைப் பற்றிக்கொண்டே யாம் நான்கடி நடந்தோம்.

அறிவு அறிந்ததை உடல் நம்பாமைக்குக் காரணம் யாது? தலை திரும்பிய பின் ஒரு விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கிற்குள் காட்சியும் திரும்பிவிடுமாயின், மூளை அக்காட்சியை உலகென்றே ஏற்றுக்கொள்கிறது. அதனினும் தாமதிப்பின் ஏமாற்றம் வெளிப்படும்; தலை சுழலும். இவ்வகையில், கண்ணையும் செவியையும் பொறுத்தமட்டில் வைன்பாமின் கற்பனையை இயந்திரம் பெரும்பாலும் எட்டிவிட்டது எனலாம்.

ஏனைய புலன்களின் நிலை வேறு. தொடு உணர்ச்சிக்கு அதிரும் கைப்பிடிகளும் கையுறைகளும் உள. அவை தட்டியதைத் தெரிவிக்கும்; கல்லின் கனத்தையும் நீரின் குளிர்ச்சியையும் உள்ளவாறு தெரிவியா. மணமும் சுவையும் நம் வீடுகளுக்குப் பரவலாக வந்து சேரவில்லை. கண்ணிலும் ஒரு குறை உண்டு. மெய்யுலகில் அருகிலுள்ள பொருளைக் காணும்போது இரு விழிகளும் உட்புறம் திரும்புவதோடு, விழியின் வில்லையும் அத்தூரத்திற்கேற்பக் குவிகின்றது. இக்கருவிகளிலோ விழிகள் பல தூரங்களுக்குத் திரும்பினும், வில்லை ஒரே தூரத்திற்குக் குவிந்து நிற்கவேண்டியுள்ளது. நெடுநேரம் அணிந்தார்க்குக் கண் அயர்வதற்கு இதுவுமொரு காரணம். கண் 'ஓடுகிறேன்' என்ன, உட்செவி 'அமர்ந்திருக்கிறேன்' என்னும். இவ்வழக்கின் தீர்ப்பு குமட்டலாக முடிகின்றது.

இனி இதன் பயனை நோக்குவோம். மாயவுலகம் வீண்பொழுதுபோக்கே என்று கருதுவோர், எட்வின் லிங்க் என்பாரின் வரலாற்றை அறிதல் வேண்டும். பியானோவும் இசைக்கருவியான ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை அவர் தந்தையாருடையது. ஆர்கனுக்குரிய துருத்திகளையும் காற்றுக் குழாய்களையும் கொண்டே, தரையில் நின்றபடி விமானம்போற் சாய்ந்தும் திரும்பியும் அசையும் பயிற்சிக் கூண்டொன்றை அவர் 1929-இல் அமைத்தார். முதலில் அதனைக் கேளிக்கைப் பொருளாகவே மக்கள் எண்ணினர். 1934-இல் அமெரிக்கத் தபால் விமானங்களை ஓட்டிய இராணுவ விமானிகள் பலர் பனியிலும் இருளிலும் வழிதெரியாது மாண்டனர். அதன் பின்னரே இராணுவம் ஆறு கூண்டுகளை வாங்கிற்று. தரையிலே ஆயிரம் முறை வீழ்ந்து பழகியவன் வானத்தில் வீழாமல் தப்பினான்.

மருத்துவமும் அவ்வழியிற் சென்றுள்ளது. பித்தப்பையை அகற்றும் சிகிச்சையைக் கணினியின் மாயக்காட்சியிற் பழகிய இளமருத்துவர், அங்ஙனம் பழகாதாரினும் 29 சதவிகிதம் விரைவாகப் பித்தப்பையைப் பிரித்தெடுத்ததோடு, மிகக் குறைவாகவே பிழை செய்தனர் என்று 2002-இல் வெளியான ஆராய்ச்சியொன்று காட்டிற்று. அமெரிக்காவின் வாஷிங்டன் சர்வகலாசாலையில் ஹண்டர் ஹாப்மன் என்பாரும் அவர் நண்பர்களும் தீப்புண்பட்டோர்க்காகப் 'பனியுலகம்' ஒன்றை அமைத்தனர். புண்ணைக் கழுவிக் கட்டும்போது உண்டாகும் வேதனை சொல்லுந்தரமன்று. அவ்வேளையில் நோயாளி மாயக்கண்ணாடிக்குள் பனிப்பள்ளத்தாக்கில் மிதந்து சென்று பனியுருண்டைகளை எறிந்து விளையாடுகிறார். மனம் அங்கே ஈடுபட, நோவை எண்ணும் பொழுது குறைகின்றது. தீயாற் புண்பட்ட குழந்தை ஒன்று பொய்ப்பனியில் சிறிது ஆறுதல் பெறுமாயின், அப்பொய்யை இகழ யாருக்கு மனம் வரும்?

நிற்க. இதனினும் ஆழமானதொரு வினா உண்டு. 2020-இல் தென்கொரியத் தொலைக்காட்சி, நோயால் இறந்த ஏழு வயதுச் சிறுமியின் உருவத்தை மாயவுலகில் அமைத்து, அவள் தாயைக் கண்ணாடி அணிவித்துச் சந்திக்கச் செய்தது. 2022 பிப்ரவரியில் நம் தமிழ்நாட்டிலேயே ஒரு திருமண வரவேற்பு மாயவுலகில் நிகழ்ந்தபோது, மணமகளின் காலஞ்சென்ற தந்தையாரது உருவமும் ஆசி கூறுமாறு அமைக்கப்பட்டது. அவரவர் துயரம் அவரவர்க்கே தெரியும். அவர்களைக் குறைகூற எமக்கு உரிமையில்லை.

எம் அன்னையார் காலஞ்சென்று நான்காண்டுகள் ஆகின்றன. அதனை அறிந்த மாணவரொருவர் அன்பு மேலிட்டவராய், "அம்மாவின் நிழற்படங்களும், பதிந்துவைத்த குரலும் இருந்தால் தாருங்கள், ஐயா, கண்ணாடிக்குள் அவர்களைக் காட்டிவிடலாம்," என்றார். குரல் எம்மிடம் உண்டு. விடுமுறைக்கு என்று புறப்படுகிறாய் எனக் கேட்கும் சிறு பதிவு, பழைய கைப்பேசியில் இருக்கின்றது. பல நாள் எண்ணிப் பார்த்து, வேண்டாமென்று அவ்விளைஞரிடம் கூறினோம். ஊர் சென்று வாயிலில் யாம் நின்றதும், அன்னையார் எம் முகத்தையும் கழுத்தையும் உற்றுநோக்கி, "இளைத்துவிட்டாய்," என்பர். ஒவ்வோராண்டும் அப்படியே. கண்ணாடிக்குள் யாம் அவரைக் காணலாம். அவர் எம்மைக் காணமாட்டார். எம் மெலிவை அறியாத கண்கள் எவ்வளவு ஒத்திருப்பினும் அவர் கண்களாகா. 1909-இல் எழுதிய பார்ஸ்டரின் கதையிலும், மகன் தாயை நேரில் வருமாறு வேண்டுகிறான். ஒளித்தட்டில் தெரிவது தாயைப் போன்றதொன்று, தாய் அன்று என்பது அவன் குறை. இயந்திரம் முற்றும் நின்று உலகம் அழியும் வேளையிலேதான் அவ்விருவரும் ஒருவரையொருவர் தொட்டுக்கொள்கின்றனர்.

இவ்விடத்தில் நம் பெரிய புராணத்துள் வரும் திருமூலர் வரலாறு எம் நினைவுக்கு வருகின்றது. சிவயோகியார் ஒருவர் திருவாவடுதுறையை அடுத்துச் செல்லுங்கால், மூலன் என்னும் இடையன் இறந்து கிடப்பதையும், அவன் மேய்த்த பசுக்கள் அவனைச் சுற்றிக் கதறுவதையும் கண்டார். அவற்றின் துயர் பொறாது, தம்முடலை ஓரிடத்திற் சேமித்துவைத்து, மூலனுடலிற் புகுந்தார். பசுக்கள் களித்து மேய்ந்து மாலையில் மனை புகுந்தன. மூலன் மனைவியோ கணவனுருவைக் கண்டும் தேறவில்லை. அவர் தன்னோடு ஒட்டாது விலகி நிற்பதைக் கண்டு கலங்கி ஊராரிடம் முறையிட்டாள். யோகியார் திரும்பிச் சென்று தேடியபோது, சேமித்த உடல் அங்கில்லை.

இவ்வரலாறு இக்காலத்திற்கென்றே எழுதியது போலும்! பிற உயிரின் துயர்தீர்க்கக் கூடு விட்டுக் கூடு பாய்தல் தகும். விமானிக்கும், மருத்துவர்க்கும், தீப்புண்பட்ட குழந்தைக்கும் மாயவுலகம் அவ்வாறே உதவுகின்றது. உருவம் ஒத்தமையால் மட்டும் ஆள் வந்ததாகாது என்பதை மூலன் மனைவி அறிந்தாள். விட்டுச் சென்ற உடலைக் காவாதவன் அதனை இழத்தலும் கூடும்.

மாணவ நண்பர்காள்! நீவிர் இக்கருவிகளை அஞ்சி ஒதுக்கவேண்டுமென்பது எம் கருத்தன்று. இவற்றைச் செய்வோரும், இவற்றிற்கு விதி வகுப்போரும் உம்முள் இருந்தே தோன்றுவர். கற்பனைக் கதைகளின் கருவியை எட்டிப் பிடித்த உலகம், அவற்றின் எச்சரிக்கையையும் படித்தறிவது உம் தலைமுறையின் கடன். மாயவுலகிற் புகுமுன், எதன் பொருட்டுப் புகுகின்றோம் என்று ஒருமுறை வினவிக்கொள்ளுங்கள். விடுதியில் உணவு மணி அடித்த பின்னும் கண்ணாடியைக் கழற்றாது அமர்ந்திருக்கும் தோழன் ஒருவன் உளனாயின், அவன் தோளைத் தொட்டு எழுப்பி, உடனழைத்துச் சென்று, அருகிருந்து உண்ணுங்கள். விடுமுறை வந்ததும் காலந்தாழ்த்தாமல் ஊருக்குப் புறப்படுங்கள்.