முதல் விமானம் அழகா இருக்கக் கூடாது!

எட்டாம் வகுப்புப் பசங்களுக்கு ஒரு வருஷம் கணக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு 12,000 ரூபாய். அதுல ரேடியோ கண்ட்ரோல் விமானம் வாங்கப் போறேன்னதும் அம்மா கேட்டது: "பறக்கப் போறது விமானமா, காசா?" நியாயமான கேள்விதான். முதல் நாளே நொறுங்கினா, இன்னொண்ணு வாங்க இன்னொரு வருஷம் டியூஷன் எடுக்கணும். அதனால ஒரு மாசம் உட்கார்ந்து படிச்சேன். இதே ஆசையோட சுத்துற வகுப்புத் தோழர்களுக்கும் முகம் தெரியாத நண்பர்களுக்கும் உதவும்னு எழுதி வைக்கிறேன்.

முதல்ல மனசைக் கல்லாக்கிக்கணும். கண்ணை இழுக்குறது ஸ்பிட்ஃபயரும் ஜெட்டும்தான். ஆனா அதெல்லாம் வேகமா போனாத்தான் காத்துல நிக்கும். புதுசா கத்துக்குறவனுக்கு வேண்டியது வேகம் இல்லை, யோசிக்க நேரம். அந்த நேரத்தைத் தர்றது எடைக்கும் இறக்கைப் பரப்புக்கும் உள்ள விகிதம். 700 கிராம் எடை, 20 சதுர டெசிமீட்டர் இறக்கைன்னா, மணிக்கு சுமார் 26 கி.மீ. வரை வேகம் குறைஞ்சாலும் தாங்கும். அதே இறக்கையில 1,400 கிராம் ஏத்தினா, 37 கி.மீ.க்குக் கீழே போனதும் தொபுக்கடீர்!

அடுத்தது இறக்கை இருக்குற இடம். உடம்புக்கு மேலே இருக்கணும், ரெண்டு நுனியும் கொஞ்சம் மேல்நோக்கித் தூக்கியிருக்கணும். இதைத்தான் டைஹெட்ரல்னு சொல்றாங்க. விமானம் ஒரு பக்கம் சரிஞ்சு வழுக்கும்போது, தாழ்ந்த இறக்கைக்குத் தூக்குவிசை கூடும். குச்சியை விட்டுட்டா பெரும்பாலும் தானா நிமிர்ந்துக்கும். இப்படிப்பட்ட விமானத்துக்கு மூணு சானல் போதும்: மோட்டார் வேகம், ரட்டர், எலிவேட்டர். ஏலரான் எல்லாம் அடுத்த விமானத்துக்கு. ரெண்டு மோட்டார் வேகத்தை மாத்தியே திருப்புற, எலிவேட்டரே இல்லாத மலிவு பொம்மைகள் பக்கம் போகாதீங்க. மூக்கைத் தூக்கத் தனி வழியே இருக்காது.

மூணாவது, விழும். எல்லாருக்கும் விழும். அதனால எதுல விழும்னு யோசிக்கணும். மல்டிப்ளெக்ஸ் ஈஸிஸ்டார், ஹாபிஸோன் ஏரோஸ்கவுட் மாதிரி ப்ரொப்பெல்லர் பின்னால இருந்தா, மூக்கு தரையில குத்தினாலும் மோட்டார் தப்பிக்கும். உடம்பு பால்சா மரமா இல்லாம நுரையா இருந்தா, உடைஞ்சதை நுரைக்கேத்த பசை போட்டு ஒட்டிட்டு அன்னைக்கே மறுபடி பறக்கலாம்.

விலையைப் பார்த்து ஏமாறாதீங்க. பெட்டியில 'ஆர்.டி.எஃப்.'னு இருந்தா ரிமோட், பேட்டரி, சார்ஜர் எல்லாம் உள்ளேயே வரும். 'பி.என்.பி.'ன்னா ரிமோட், ரிசீவர், பேட்டரி, சார்ஜர் தனியா வாங்கணும். மலிவா தெரியுறது அதனாலதான்.

பேட்டரிக் கணக்கு சுலபம். 1,300 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி, சராசரி 10 ஆம்பியர் இழுத்தா கிட்டத்தட்ட 8 நிமிஷம். அஞ்சுல ஒரு பங்கை மிச்சம் வைக்கணும், ஆக 6 நிமிஷம். லித்தியம் பாலிமர் செல்லை 4.2 வோல்ட்டுக்கு மேல ஏத்தக் கூடாது. சார்ஜ்ல போட்டுட்டுத் தூங்கப் போகாதீங்க. உப்பினதைத் திரும்பத் தொடாதீங்க, தீப்பிடிக்கும்.

வாங்குறதுக்கு முன்னாடி பிகாசிம் மாதிரி இலவச சிமுலேட்டர்ல பழகுங்க. விமானம் நம்மளை நோக்கி வரும்போது இடம் வலமாயிடும், வலம் இடமாயிடும். பல விமானங்கள் சாகுற இடம் இதுதான். எந்த இறக்கை தாழுதோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்க, நிமிரும். சிமுலேட்டர்ல நூறு தடவை விழுந்தாலும் பைசா செலவில்லை!

இன்னொண்ணு, 2021 ட்ரோன் விதிகள் நம்ம விமானத்துக்கும் பொருந்தும். பச்சை மண்டலத்துலதான், 400 அடிக்குள்ளதான் முன்அனுமதி இல்லாம பறக்கலாம். ஏர்போர்ட் பக்கத்துல இருக்குறவங்க முதல்ல வரைபடத்தைப் பாருங்க.

கடைசியில நான் தேர்ந்தெடுத்தது மேல் இறக்கை, மூணு சானல், பின்பக்க ப்ரொப்பெல்லர் வெச்ச ஒரு வெள்ளை நுரை விமானம். பார்க்கக் கொக்குக்குக் கண்ணாடி மாட்டின மாதிரி இருக்கு. ஆனா உதிரி ப்ரொப்பெல்லர் நாலு, இன்னொரு பேட்டரி, ஒரு பசை பாட்டில் எல்லாம் அதே காசுக்குள்ள அடங்கிடுச்சு. ஸ்பிட்ஃபயர் எங்கேயும் போயிடாது. கை பழகட்டும், அதுவும் வரும் :-)