மண்ணுக்குப் போய்ச் சேரும் விசை

ஆடி, ஞாயிறு

வண்டி வந்துவிட்டது. மஹிந்திரா பிக்கப், எம்டிஐ டீசல் இன்ஜின், ஃபோர் வீல். இருபது வயதைத் தாண்டிய வண்டி. முன்பக்கமும் பட்டை ஸ்பிரிங், பின்பக்கமும் பட்டை ஸ்பிரிங். காயில் ஸ்பிரிங் எங்கும் கிடையாது. ஓரிக்கையில் எங்கள் தெரு குறுகல் என்பதால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் விட்டிருக்கிறேன்.

எதற்கு இந்த வண்டி என்று தெருவில் எல்லோரும் கேட்கிறார்கள். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி உத்திரமேரூர் சாலையில் போனால் மாகறல் பக்கம் மாமாவின் கழனி. தார்ச்சாலை வரைக்கும் எந்த வண்டியும் போகும். அதற்கப்புறம் இருக்கும் வண்டிப்பாதை முழுக்கக் களிமண். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் டிராக்டர் மட்டும்தான். உர மூட்டை, மோட்டார், நெல் எல்லாம் தலைச்சுமை. மாமாவுக்கு அறுபத்தைந்து வயதாகிறது. அந்தப் பாதையில் எந்த மாதமும் போய்வரக்கூடிய வண்டி ஒன்றை என் கையால் தயார் செய்ய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லாத கை இது, இனிமேல் பழகும்.

பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். வந்து சுற்றிப் பார்த்தார். உயரமான டயர், வின்ச், கூரை மேல் விளக்கு என்று நான் எழுதி வைத்திருந்த தாளை வாங்கிப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“தம்பி, இப்ப எதையும் வாங்காத. இன்ஜின்ல கிளம்புற விசை எது எது வழியா மண்ணுக்குப் போய்ச் சேருதுன்னு முதல்ல கீழ படுத்துப் பாரு. எங்க சிந்துதோ அங்க செலவு பண்ணு.”

ஆடி, புதன்

படுத்துப் பார்த்தேன். இன்ஜின், கிளட்ச், கியர் பெட்டி. அதன் பின்னால் இன்னொரு பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ். அதிலிருந்து முன்னுக்கு ஒரு ஷாஃப்ட், பின்னுக்கு ஒரு ஷாஃப்ட். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் கிராஸ். பிறகு கிரவுன், ஆக்ஸில், ஹப், சக்கரம். இவ்வளவுதான். ஒளிவு மறைவே இல்லாத வண்டி.

இந்த அமைப்பின் வயதை நினைத்துப் பார்க்கிறேன். 1945இல் லூதியானாவில் தொடங்கிய மஹிந்திரா நிறுவனம், 1947இல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்க ஆரம்பித்தது. உலகப் போரில் ஓடிய அந்த ஜீப்பின் இன்ஜின் 60 குதிரைத்திறன். என் கொட்டகையில் நிற்கும் 2523 சிசி இன்ஜினும் ஏறக்குறைய அதே 60ஐ ஒட்டியதுதான். கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஏறும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாறையும் குழியுமான அந்தப் பாதையில் அவை நடக்கும் வேகத்தில்தான் ஏறுகின்றன. இன்றைய சின்னக் கார்களில்கூட இதைவிடத் திறன் அதிகம். அவற்றில் ஒன்று அங்கே நூறு அடி போகாது.

சேஸிஸில் துரு மேலோட்டமாகத்தான் இருக்கிறது. சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். கணீரென்று கேட்டால் நல்ல இரும்பு, மொத்தென்று கேட்டால் உள்ளே அரித்திருக்கிறது. பின்பக்கப் பட்டை தாங்கும் இடத்தில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு மொத்தென்றது. வெட்டியெடுத்து அதே கனத்தில் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும்.

ஆவணி, திங்கள்

பிரேக். நான்கு சக்கர லைனரும் புதிது, வீல் சிலிண்டர் புதிது, ரப்பர் ஹோஸ் புதிது. எழுத இதற்கு மேல் ஒன்றுமில்லை, ஆனால் இதுவரைக்கும் ஆன செலவில் பெரிய பங்கு இதுதான். மனசார இதைச் செலவழித்தேன். மேட்டில் ஏற முடியாமல் நிற்கும் வண்டி பின்னோக்கி இறங்க வேண்டிவரும். அப்போது காலடியில் இருப்பது இது ஒன்றுதான்.

ஆவணி, சனி

இன்று முழுக்க டிரான்ஸ்ஃபர் கேஸ். சின்ன லிவரை அண்ணன் கழற்றிக் காட்டினார். இதில் இரண்டு வேலை நடக்கிறது. முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டுவது ஒன்று. லோ என்ற இடத்தில் போட்டால் வேகத்தைக் குறைத்து முறுக்கத்தை ஏறத்தாழ இரண்டரை மடங்காக்குவது இன்னொன்று. அதாவது இன்ஜினில் ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல், சக்கரத்தில் இரண்டரை மடங்கு பிடி. நான் தாளில் எழுதியிருந்த சாமான்கள் எல்லாம் சேர்ந்தாலும் இந்த லிவர் கொடுப்பதைக் கொடுக்காது. வண்டியை விற்றவர் அதை ஒருமுறைகூடத் தொட்டதில்லை என்றார். துருவேறி இறுகிப்போயிருந்தது. டீசல் ஊற்றி ஊறவிட்டு, மெல்ல அசைத்து அசைத்து, சாயங்காலம் ‘டக்’ என்று விழுந்தது. எனக்குக் கண் கலங்கியது.

ஃபோர் வீலில் போட்டுத் தார்ச்சாலையில் ஓட்டக் கூடாது என்பதன் காரணமும் இன்றுதான் விளங்கியது. முன்னும் பின்னும் ஒரே சுற்றுக்குக் கட்டுப்பட்டுவிடுகின்றன. ஆனால் திருப்பத்தில் முன்சக்கரம் அகலமான வட்டத்தில் போகிறது, கூடுதல் தூரம் ஓட வேண்டும். மண்ணில் என்றால் சக்கரம் கொஞ்சம் சறுக்கி அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் சறுக்க முடியாது. அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் பல்லிலும் ஏறும். முன் சக்கர ஹப்பைக் கையால் திருப்பிப் பூட்டும் சாதனத்தைப் பழைய உரிமையாளர் யாரோ மாட்டியிருக்கிறார்கள். கழற்றிக் கழுவி, புது கிரீஸ் வைத்தேன்.

புரட்டாசி, வெள்ளி

வண்டியை உயர்த்துவது பற்றி அண்ணனோடு நீண்ட பேச்சு. பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே கட்டை வைத்து உயர்த்தலாம், ஷாக்கிளை நீளமாக்கலாம், இணையத்தில் எல்லாம் கிடைக்கிறது. ஆனால் உயர்த்தினால் ஷாஃப்டின் சாய்வு கூடி கிராஸ் சீக்கிரம் தேயும். முன் ஆக்ஸில் திரும்பி ஸ்டியரிங் தன்னால் நேராவது குறையும். பிரேக் ஹோஸ் எட்டாமல் இழுபடும். டயரும் அப்படித்தான். 29 அங்குலத்தை 31 ஆக்கினால், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக ஓடும். ஸ்பீடோமீட்டர் அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும், சக்கரத்தில் பிடியும் அதே அளவுக்குக் குறையும். லோ கியர் கொடுத்ததில் ஒரு பங்கைப் பெரிய டயர் திருப்பி வாங்கிக்கொள்கிறது.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது: உற்பத்தியாளர் கொடுத்த அடிப்படைக் கட்டமைப்பில் கை வைக்கக் கூடாது. அதே ஆண்டின் திருத்தம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தது. முன்னால் கம்பீரமாக நிற்கும் அந்த இரும்புக் கம்பி கிராஷ் கார்டு மேல் நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. வண்டி மோதினால் அதன் முன்பகுதி நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும். கம்பி அந்த அடியை நேரே சேஸிஸுக்கும், எதிரே நடந்து வருபவர் உடம்புக்கும் கொண்டுபோகிறது. எனக்கு இந்த விதியோடு எந்தச் சண்டையும் இல்லை. என் வண்டி காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தை ஒட்டிப் பள்ளிப் பிள்ளைகள் நடுவிலும் ஓட வேண்டிய வண்டி.

கோவாவில் 2014 முதல் மழைக்காலத்தில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியின் படங்களை நானும் விரும்பிப் பார்க்கிறேன். 1997இல் மலேசியாவில் பிறந்த போட்டி அது. அங்கே ஓடும் வண்டிகள் அந்த வேலைக்கென்றே செய்யப்பட்டவை. மூட்டை ஏற்றும் வண்டிக்கு அந்தக் கோலம் வேண்டாம். கம்பெனி கொடுத்த உயரம், கம்பெனி கொடுத்த அளவு, ஆனால் பல் ஆழமான டயர். முடிவு செய்துவிட்டேன்.

புரட்டாசி, ஞாயிறு

சென்னை புதுப்பேட்டைக்குப் போய் வந்தோம். இரண்டு கிராஸ், ஒரு கிங்பின் செட், ரேடியேட்டர் மூடி. பழைய சாமான் கடைக்காரர் ஒருவர் கிராஸை வாங்கிப் பார்க்காமலே விரலால் சுழற்றி, “இது முன்னாடி ஷாஃப்டுக்கு” என்றார். அப்படிப்பட்ட கைகள் அந்தத் தெரு முழுக்க.

ஐப்பசி, செவ்வாய்

மழை பிடித்துக்கொண்டது. கொட்டகையில் பிரீதர் வேலை.

கிரவுன் பெட்டிக்கு மேல் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு மூச்சுத்துளை இருக்கிறது. ஓடி ஓடிச் சூடேறிய ஆக்ஸில் திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கினால் எங்கிருந்தாவது எதையாவது இழுக்கும். துளை தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரை. ஆயில் பால் ஊற்றிய டீ நிறத்துக்கு மாறும், பல் தேயும், காரணம் தெரியாமல் ஆறு மாதம் கழித்து கிரவுன் சத்தம் போடும். அந்தத் துளையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, இன்ஜின் மூடிக்கு அடியில் உயரமாகக் கொண்டுபோய்க் கட்டினால் போதும். சில நூறு ரூபாய். இந்த வண்டியில் நான் செய்ததிலேயே மிகப் பெரிய வேலையாக இதைத்தான் சொல்வேன்.

இன்ஜினுக்கு வேறு ஆபத்து. எம்டிஐயின் டீசல் பம்ப் முழுக்க இயந்திரம், கம்ப்யூட்டர் கிடையாது. ஓட ஆரம்பித்தபின் டீசலும் காற்றும் இருந்தால் போதும். ஆனால் காற்று இழுக்கும் வாயில் தண்ணீர் புகுந்தால் முடிந்தது. காற்று அழுங்கும், நீர் அழுங்காது. மேலே வரும் பிஸ்டன் நீரில் முட்டி நிற்கும், கனெக்டிங் ராடு வளையும். அதனால் ஏர் ஃபில்டரின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்து, கதவில் சிவப்புக் கோடு போட்டுவிட்டேன். நீர் அதற்கு ஒரு சாண் கீழே வரைக்கும்தான்.

அதுவும் நிற்கும் நீருக்கு. ஓடும் நீருக்கு இந்தக் கோடு செல்லாது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. வாலாஜாபாத்துக்கும் அவளூருக்கும் நடுவே இருக்கும் தரைப்பாலம் மூழ்கி, அக்கரை ஊர்க்காரர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். ஓடும் நீர் முழங்கால் அளவு இருந்தாலே வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். கொஞ்சம் ஏறினால் டயரும் பெட்டியும் மிதக்கும், மிதந்தால் நான்கு சக்கரமும் சும்மா. ஃபோர் வீல் வைத்திருப்பவர்கள்தான் இதை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். நாம் இறங்கினால் பின்னால் பைக்கில் வருபவனும் இறங்குவான்.

ஐப்பசி, வியாழன்

கழனிப் பாதையில் முதல் ஓட்டம். மாமா வரப்பில் குடையோடு நின்றார். அண்ணன் பக்கத்து இருக்கையில்.

ஹப்பைப் பூட்டி, லோவில் இரண்டாம் கியர். டயர் காற்றை 35இலிருந்து 20க்கு இறக்கியிருந்தோம். காற்று குறைந்தால் டயர் நீளவாக்கில் மண்ணில் படிகிறது. இன்னும் குறைக்கலாம், ஆனால் இது டியூப் டயர், ரிம் உள்ளே சுழன்றால் வால்வு அறுந்துவிடும். 20 போதும். ஆக்ஸிலரேட்டரில் காலே வைக்கவில்லை. வண்டி தன்பாட்டில் நடந்தது. களிமண் டயர் பல்லில் அப்பிக்கொள்ளும், அதை உதற ஒரு சின்ன முடுக்கு, மறுபடி நடை. விசை மண்ணுக்குப் போய்ச் சேர்வது உட்காரும் இடத்திலேயே தெரிகிறது.

வாய்க்கால் குறுக்கே வரும் இடத்தில் நின்றுவிட்டது. முன் இடது சக்கரம் அந்தரத்தில், பின் வலது சேற்றில். இரண்டும் சுழல்கின்றன, மற்ற இரண்டும் அசையவில்லை. டிஃபரன்ஷியலின் குணம் இது. ஒரு ஆக்ஸிலின் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு முறுக்கம்தான் கொடுக்கும். பிடி இல்லாத சக்கரம் எவ்வளவு வாங்குகிறதோ அவ்வளவே பிடி உள்ளதற்கும். “பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே குடு” என்றார் அண்ணன். லேசாக மிதித்ததும், சுழலும் சக்கரத்துக்கு எதிர்ப்பு கிடைத்து, நிற்கிற சக்கரத்துக்கும் விசை போனது. ஒரு உலுக்கல், ஏறிவிட்டது. மாமா குடையை மடக்கிவிட்டு மழையில் நின்று கை தட்டினார்.

திரும்பும்போது கயிறு பழக்கம். இழுக்கும் கயிற்றின் நடுவில் நனைந்த சாக்கைப் போட வேண்டும், அறுந்தால் பறக்காமல் விழும். கயிற்றின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. கொக்கியை பம்பரில் மாட்டக் கூடாது, சேஸிஸில்தான். டிராக்டர்க்காரர்கள் மூன்று பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அவர்களுக்கும் அண்ணன் இதைச் சொல்லிக் கொடுத்தார்.

கார்த்திகை, சனி

நண்பர்கள் இரண்டு பேர் வந்து, தண்ணீர் வடிந்ததும் பாலாற்று மணலில் ஓட்டிப் பார்க்கலாம் என்றார்கள். மாட்டேன் என்றேன். ஓரிக்கைப் பாலாற்றின் கிணறுகளிலிருந்தும் காஞ்சிபுரத்துக்குக் குடிநீர் போகிறது. அள்ளியது போக மிஞ்சியிருக்கும் மணல் அது. நீரைப் பிடித்து வடிகட்டிக் கொடுப்பது அதுதான். என் கிரவுனிலிருந்து சொட்டும் ஆயில் அதில் விழ வேண்டாம்.

ஏரிக்கரைக்கும் இதே பதில். ஈரக் கரையில் ஒரு வண்டித் தடம் விழுந்தால் அடுத்த மழைக்கு அது ஓடையாகும், ஓடை கரையை அறுக்கும். 921ஆம் ஆண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டின்படி, ஏரி வாரியம் என்று ஒன்றைக் குடவோலையில் தேர்ந்தெடுத்தார்கள். ஏரியைப் பார்த்துக்கொள்ள மட்டும் ஆட்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேலாகக் காத்துவரும் கரையில் விளையாட்டுக்கு ஏறும் உரிமை எந்த வண்டிக்கும் இல்லை. மாமா கழனிப் பாதை இருக்கிறது, பக்கத்துக் கொல்லைக்காரர்களும் வரச் சொல்கிறார்கள், அது போதும்.

வாய்க்காலில் நின்ற அன்றிலிருந்து பின் ஆக்ஸிலுக்கு, இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கர் போடும் ஆசை எனக்கு. அண்ணன், “மொதல்ல கிங்பின் பேரிங் மாத்து, இடது பக்கம் ஆட்டம் இருக்கு” என்கிறார். சரிதான். நாளை ஜாக்கி போட்டுப் பிரிக்கிறோம். தண்ணீரில் இறங்கி வந்ததால் இரண்டு கிரவுனின் ஆயிலையும் இறக்கிப் பார்க்க வேண்டும். மார்கழிக்குள் எஃப்.சி. காட்ட வேண்டும். லாக்கர் பேச்சு அறுவடைக்கு அப்புறம்.